நனைக்காத துணி

எங்கள் ஊர்த் தையல் கூடத்தில் மிஷின் பத்து, கத்தரிக்கோல் ஒன்றே ஒன்று. அது என்னுடையது. குழுவில் பதினோரு பெண்கள் இருந்தாலும் வெட்டுவது நான் மட்டும்தான். முழம் போட்டுப் பார்த்தே வெட்டிவிடுவேன். நான் வெட்டிப் போட்டால்தான் மற்றவர்களுக்குத் தைக்க வேலை. அந்த மிதப்பிலேயே ஆறு வருஷம் ஓடிவிட்டது.

அப்போதுதான் பேட்டர்ன் மேடம் வந்தாள். டவுனில் பெரிய ஆடைக் கம்பெனியில் வேலையாம். ஒரு மாதம் லீவு போட்டுவிட்டு, காசு வாங்காமல் எங்களுக்குச் சொல்லிக்கொடுக்க வந்திருந்தாள். லீவு கிடைத்தால் மனுஷி நிம்மதியாகத் தூங்க மாட்டாளோ?

கை, காலர், முதுகு என்று தனித்தனியாக அட்டையில் பேட்டர்ன் வெட்டி வைத்தாள். துணிமேல் வைத்துக் கோடு போட்டால் யார் வேண்டுமானாலும் வெட்டலாம் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்கு வயிறு எரிந்தது. என்னை வாய் நிறைய அக்கா என்று வேறு கூப்பிட்டாள். திட்டுவதற்கு ஒரு காரணமாவது கொடுத்திருக்கலாம்.

எல்லாரையும்விட, குழுவிலேயே தைக்கும் என் நாத்தனார்தான் மோசம். என் பேச்சைத் தட்டாதவள், இப்போது மேடம் பின்னாலேயே சுற்றினாள். வாயைத் திறந்தால் 'மேடம் சொன்னாங்க'.

அந்த நேரம் பார்த்து ஆஸ்பத்திரியிலிருந்து எண்பது நர்ஸ் கோட்டுக்கு ஆர்டர் வந்தது. துணி தறியிலிருந்து நேராக வந்த பருத்தி. ஒரு நாள் ஊறவைத்துக் காயவைத்த பிறகுதான் அதில் கத்தரி வைக்க வேண்டும். இல்லையென்றால் முதல் சலவையிலேயே கை முழங்கைக்கு ஏறிவிடும். மேடம் கம்பெனிக்கு வருவதெல்லாம் முன்பே சுருக்கிய துணி, அவளுக்கு இது தெரியாது. எங்கள் பெண்களுக்கும் தெரியாது. எப்போதும் என் வீட்டிலேயே நனைத்துக் காயவைத்து மடித்துக் கொண்டுவருவேன். யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

இந்தத் தடவை துணி நேராகக் கூடத்துக்கே வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. மேடத்துக்கு நன்றாக மூக்குடையட்டும் என்று இருந்தேன்.

மறுநாள் காலை மேடம் துணியை விரித்துக் கோடு போட்டாள். தான் கொண்டுவந்த கத்தரிக்கோலை நாத்தனாரிடம் நீட்டினாள். நாத்தனார் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. சட்டென்று எனக்கு உறைத்தது. பத்து நாளில் மேடம் ஊருக்குப் போய்விடுவாள். கோட்டு சுருங்கித் திரும்பி வந்தால், வெட்டினது யார் என்றுதான் கேட்பார்கள்.

கத்தரி துணி ஓரத்தைக் கடித்துவிட்டது.

"நிறுத்துடி. அது நனைக்காத துணி."

விஷயத்தைச் சொன்னேன். மேடம் கொஞ்சமும் கூச்சப்படாமல் நோட்டில் புதுப் பக்கம் திருப்பி முதல் வரியாக அதை எழுதிக்கொண்டாள். நல்லவேளை அக்கா இருந்தாங்க என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். இத்தனை நாளாக நான் ஏங்கிய பாராட்டு, கேட்கவே கசந்தது.

மற்றவர்கள் தொட்டியில் தண்ணீர் நிரப்பப் போனார்கள். நாத்தனார் மட்டும் நகரவில்லை.

"துணி நேத்தே வந்துடுச்சே அண்ணி. நேத்தே ஏன் சொல்லல?"

ஆயிரம் பொய் சொல்லியிருக்கலாம்.

"பொறாமைடி," என்றேன்.

அவள் கோபப்படவில்லை.

"ஆறு வருஷமா உங்க பக்கத்துல உக்காந்துதான் தைக்கிறேன். ஒரு நாள்கூட கத்திரிய என் கையில குடுத்ததில்ல. எனக்கு எப்படி இருந்திருக்கும்?"

துணியின் ஒரு முனையை என்னிடம் நீட்டினாள். பிடித்துக்கொண்டேன். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்கத்தான் முடியவில்லை.