மடவார் வளாகத்துச் சாயம்

என் வீட்டுக்காரர் லீவில் வந்திருந்தபோது சேத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். பஸ்ஸில் நல்ல கூட்டம். கண்டக்டர் அவரைப் பார்த்து, "சார், ஒங்க அம்மாவ முன்னால லேடீஸ் சீட்டுல உக்கார வையுங்க. பாவம், கம்பியப் பிடிச்சுக்கிட்டு நிக்காவ" என்றான். அந்த அம்மா நான்தான். அவரைவிட எனக்கு நாலு வயசு குறைவு.

அவர் பேர் சோலைச்சாமி. ராணுவத்தில் லாரி ஓட்டுகிறார். கட்டான உடம்பு, கறுத்த மீசை, தலையில் எந்நேரமும் தொப்பி. தொப்பிக்குள்ளே பேருக்குக்கூட ஒரு முடி கிடையாது என்பது கண்டக்டருக்கு எப்படித் தெரியும்? "ஏலே, இது என் பொண்டாட்டி" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. விழுந்து விழுந்து சிரித்தார். கல்யாண வீட்டுப் பந்தியில் அதைச் சொல்லிச் சிரித்தார். லீவு முடிந்து ரயில் ஏறும் வரை சொந்தக்காரர் வீடு ஒன்று விடாமல் சொல்லிச் சிரித்தார். நான் சிரிக்கிறேனா என்று ஒருத்தரும் பார்க்கவில்லை.

எனக்கு ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் செக்கிங் வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை வெள்ளைத் துணியில் கறை தேடுவேன். வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் பார்த்தால் அங்கேயும் வெள்ளை. மகள் மதுரையில் ஹாஸ்டலில் படித்ததால் வீட்டில் நானும் கண்ணாடியும்தான். அடுத்த லீவுக்கு அந்த மனுஷர் வருவதற்குள் இந்தத் தலையை ஒரு வழி பண்ணிவிடுவது என்று முடிவு கட்டினேன். யாருக்கும் அழகு காட்டுவதற்காக இல்லை. அவர் பக்கத்தில் நின்றால் அவர் பெண்டாட்டி என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

கடையில் விற்கிற டை பொட்டலம் எனக்கு ஆகாது. முன்னே ஒரு தடவை நானே வாங்கிக் கலக்கிப் போட்டு, தலையெல்லாம் எரிந்து, காதோரம் கொப்பளித்துவிட்டது. அதனால் தொழில் தெரிந்தவர்கள் கையால் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அது தொண்ணூற்று மூன்றாம் வருஷம். பியூட்டி பார்லர் என்பது ராஜபாளையத்துக்குப் புதுசு. ஒரு மாடியில் போர்டு பார்த்து ஏறினேன். சுவர் நிறைய கல்யாணப் பெண்களின் போட்டோ.

"எனக்கு எல்லா மருந்தும் ஒத்துக்காதும்மா. எந்தலைக்கு எது சேருமுன்னு பாத்துப் போடு" என்றேன்.

பார்லர்க்காரி என் தலையை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. "எல்லாருக்கும் ஒரே கலருதாங்க்கா. கருப்பு" என்றாள்.

கிண்ணத்தில் அவள் கலக்கியதைப் பார்த்தால் அதே கடைப் பொட்டலம். "இதுதான ஆகாதுன்னேன்" என்றேன். "அது நீங்களா போட்டது. நாங்க போட்டா ஒண்ணும் செய்யாது" என்றாள். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும், உட்கார்ந்துவிட்டேன். பூட்ஸ் பாலிஷ் போட்ட மாதிரி ஒரு கருப்பு. நெற்றியிலும் காதிலும் அதே கருப்பு. மறுநாள் கண் இரண்டும் வீங்கிவிட்டது. கம்பெனியில், "யாரு அடிச்சா? ஒங்க வீட்டுக்காரருதான் ஊர்ல இல்லையே" என்று கேட்டார்கள். மாடி ஏறிப் போய்ச் சத்தம் போட்டேன். நான் சீயக்காய் தேய்த்துக் குளித்ததுதான் தப்பு என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

அந்தக் கருப்பு வளர்ந்து இறங்குவதற்குள் வகிட்டில் வெள்ளைக்கோடு ரோடு போட்டுவிட்டது. அதற்குப் பிறகு, வீடு வீடாக வந்து மருதாணி போட்டுவிடுகிற ஒரு அம்மாளைக் கூப்பிட்டேன். "மருதாணி குளிர்ச்சிம்மா, ஆகாமப் போகாது" என்று பூசிவிட்டுப் போனாள். ஆகாமல் போகவில்லைதான். கருப்பு முடி அப்படியே இருக்க, வெள்ளை முடி பூராவும் செங்கல் நிறத்தில் வந்து நின்றது. "வெயில்ல நின்னா மின்னுதுல்லா?" என்று அவளுக்கு ஒரே பெருமை. நான் வெயிலில் நிற்பதையே விட்டுவிட்டேன்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. ஒரு ஜாக்கெட் தைக்கக் கொடுத்தால்கூட ஆளை நிறுத்தி அளவு எடுக்கிறார்கள். தலைக்கு மட்டும் ஊருக்கே ஒரே அளவா?

கம்பெனியில் என் பக்கத்தில் மடிப்பு வேலை பார்க்கிற அழகுத்தாய்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் ஜெயபாயைப் பற்றிச் சொன்னாள். பம்பாயில் பார்லரில் வேலை பார்த்தவளாம், தாய்வீட்டோடு வந்துவிட்டாளாம், மடவார் வளாகத்தில் வைத்தியநாத சாமி கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் வீட்டு முன்னறையிலேயே செய்கிறாளாம். எனக்கு லீவு ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு அவள் சர்ச்சுக்குப் போய்விடுவாள், கடை கிடையாது. சம்பளத்தில் பிடித்தாலும் பிடிக்கட்டும் என்று வேலைநாளில் லீவு போட்டு பஸ் ஏறினேன்.

போர்டுகூட இல்லாத வீடு. ஜெயபாய்க்கு என்னைவிடப் பத்து வயசு கூட இருக்கும். என்னை ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார வைத்து, பேனெடுப்பது போல முடியைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தாள். என்ன எண்ணெய் தேய்க்கிறேன், குளிக்கிற தண்ணீர் உப்பா நல்லதா, இதற்கு முன்னால் யார் யார் என்னென்ன போட்டார்கள் என்று கேள்வி மேல் கேள்வி. கடைசியில் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு மருந்தை வைத்துவிட்டு, "நாளன்னைக்கு வாம்மா" என்றாள்.

"நாளன்னைக்கா? கலரு?"

"இந்த இடம் சிவக்காம இருந்தாத்தான் கலரு."

"அக்கா, நான் லீவு போட்டுட்டு வந்திருக்கேன்."

"ஒனக்கு லீவு பெருசா, கண்ணு பெருசா?"

நான் சாயம் போட வந்தேனா, பரீட்சை எழுத வந்தேனா என்று பஸ்ஸில் முனகிக்கொண்டே திரும்பினேன். வீடு போய்ச் சேர்ந்தபோது அந்த இடம் சிவந்துதான் இருந்தது. மறுபடி போனேன், வேறு மருந்தில் ஒரு பொட்டு. மறுபடியும் வா. சூப்பர்வைசர், "ஸ்ரீவில்லிபுத்தூர்ல என்னம்மா, கோர்ட்டு கேஸா?" என்று கேட்கும் அளவுக்கு ஆகிவிட்டது. ஆனாலும் விடவில்லை. என் தலையை என் தலையாகப் பார்த்தது அவள் ஒருத்திதான்.

ஒருவழியாக மருந்து ஒத்துக்கொண்டது. "எப்படி வேணும்?" என்று கேட்டாள். "போட்டிருக்குன்னு யாருக்கும் தெரியக் கூடாது" என்றேன். ஜெயபாய் அட்டைக்கருப்பைத் தொடவே இல்லை. என் பழைய முடியின் நிறத்தைப் பிடரிக்குள் தேடிப் பிடித்து அதற்குத் தக்கபடி கலக்கினாள். நெற்றியோரம் ரெண்டு மூன்று நரையை மட்டும் அப்படியே விட்டாள். "அதையும் மூடேன்க்கா" என்றதற்கு, "அது கிடக்கட்டும். அது இருந்தாத்தான் மத்ததை நம்புவாக" என்றாள். கழுவித் துடைத்துக் கண்ணாடியைக் கொடுத்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணாடியில் நான் இருந்தேன்.

அந்த ஆடியில் அவர் வந்தார். தெருவில் பெட்டியோடு வருவதைப் பார்த்ததும் தலையைப் பின்னி முன்னால் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். "கொஞ்சம் தண்ணி குடுட்டி" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார். பயணக் களைப்பு, போகட்டும் என்று விட்டேன். மறுநாள் தலைக்குக் குளித்து அவர் முன்னாலேயே உட்கார்ந்து காய வைத்தேன். பேப்பர் படித்தார். "நான் எப்படி இருக்கேன்?" என்று வாயைத் திறந்தே கேட்டேன். "ஒனக்கென்ன, நல்லாத்தான இருக்க" என்று பக்கத்தைத் திருப்பினார். செங்கல் தலையோடு நின்றிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்.

இது போதாதென்று அன்று சாப்பிடும்போது மெல்ல ஆரம்பித்தார். "இருக்கன்குடிக்குப் போகணும். ஒரு நேர்த்திக்கடன் இருக்கு."

"என்ன நேர்ந்திய?"

காஷ்மீரில் பனிக்காலத்தில் அவர் லாரி மலை ரோட்டில் சறுக்கியிருக்கிறது. அவர் எழுதிய கடிதம் எதிலும் இது இல்லை. "பிரேக்கு பிடிக்கல. முன்சக்கரம் பள்ளத்துப் பக்கம் போயிருச்சு. 'ஆத்தா மாரியம்மா, என்னைய உசுரோட வீடு சேத்துரு. பரிபூரணம் முடிய ஒனக்குத் தாரேன்'னுட்டேன். ஒரு பாறையில முட்டி அங்ஙனயே நின்னுருச்சு வண்டி."

பரிபூரணம் நான்தான். சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தேன். "ஒங்க தலைய நேர வேண்டியதுதான?"

அவர் தொப்பியைக் கழற்றினார். "இதுல என்ன இருக்கு ஆத்தாளுக்குக் குடுக்க?"

"அதுக்கு? கடைத் தேங்காய எடுத்து வழிப்பிள்ளையாருக்கு ஒடைக்கவா? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியளா?"

"பள்ளத்துல போற வண்டியில ஒக்காந்துக்கிட்டு எப்படிட்டி ஒன்னயக் கேக்க?"

"பூமுடி குடுக்கேன். ரெண்டு கொத்து."

"மொட்டைன்னு சொல்லிட்டேன். ஆத்தாகிட்டப் போயி பேரம் பேசச் சொல்லுதியா? வளந்துரும்ல."

அந்த 'வளந்துரும்ல' என்ற வார்த்தைக்குத்தான் எனக்கு ரத்தம் கொதித்தது. என்ன வளரும்? வெள்ளை வளரும். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அடுப்படியில் பாத்திரங்கள்தான் பேசின. மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது, தைரியம் இல்லை. அவர் திரும்பிப் போகப்போவது அதே ரோட்டுக்கு. நான் மாட்டேன் என்று சொல்லி, நாளைக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆனால்? ஊர் என்னைத்தான் சொல்லும். ஊர் கிடக்கட்டும், நானே என்னைச் சொல்லுவேன். அந்த பயத்தை நினைத்தால் கோபமும் அந்தக் கோபத்தை நினைத்தால் பயமுமாகக் கிடந்து அல்லாடினேன்.

"தாரேன். ஆனா லீவு முடியற வாரத்துலதான்" என்று சொன்னேன். அதுவரைக்குமாவது அவர் பார்க்கட்டும் என்று ஒரு நப்பாசை. தினமும் விதவிதமாகப் பின்னினேன். கொண்டை போட்டேன். பிச்சிப்பூ வைத்தேன். பூ நல்லா மணக்குது என்றார்.

சாத்தூர் போய் அங்கிருந்து இருக்கன்குடிக்கு பஸ் மாறினோம். ஆடிக் கூட்டம் ஆற்றங்கரை வரை நின்றது. முடி எடுக்கிற கொட்டகையில் மணையைப் போட்டு உட்கார வைத்தார்கள். வயசான ஆள் ஒருவர் என் பின்னலை அவிழ்த்து, தண்ணீரைத் தெளித்து, உச்சியிலிருந்து தேய்க்க ஆரம்பித்தார். தேய்த்துக்கொண்டே வந்த கை நின்றது. வகிட்டைப் பிரித்துக் குனிந்து பார்த்தார்.

"தாயி, சாயம் போட்டிருக்கியளா?"

"ஆமாய்யா."

"அடேயப்பா. இங்க வர்ற சாயத்தலை எம்புட்டோ பாத்திருக்கேன். இப்பிடி ஒரு சாயம் பாத்ததில்ல. ஒரிஜினலாட்டம்ல இருக்கு. எந்தக் கடையில தாயி? எம் பொஞ்சாதி நச்சரிச்சுக்கிட்டே இருக்கா, அதான் கேக்கேன்."

வெட்கம் கெட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இத்தனை அலைச்சலுக்கு ஒரு மனுஷர் பார்த்துச் சொல்லிவிட்டார். அவர் கையில் கத்தி இருந்தது.

"ஸ்ரீவில்லிபுத்தூர்ல மடவார் வளாகம். ஜெயபாய்னு கேட்டாச் சொல்லுவாக. ஞாயித்துக்கிழமை கிடையாது" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் முதல் கொத்து மடியில் விழுந்தது.

என் செருப்பையும் பையையும் பிடித்துக்கொண்டு நின்ற என் வீட்டுக்காரர், "சாயமா? எப்போ போட்ட?" என்றார்.

"நீங்க வாரதுக்கு முந்தி."

"எங்கிட்டச் சொல்லவே இல்லையே." பிறகு அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. குனிந்து அந்த ஆளிடம் ரகசியமாகக் கேட்டார்: "ஏய்யா, சாயம் போட்ட முடியக் குடுத்தா ஆத்தா ஏத்துக்கிருவாளா? நேர்த்தி செல்லுமா?"

"முடிக்கு என்ன குத்தம்? ஆத்தா மனசைப் பாப்பா" என்று சொல்லிவிட்டு அந்த ஆள் கத்தியை நகர்த்தினார்.

"யாருக்காகப் போட்டேன்னு கேட்டியளா?" என்றேன். குரல் உடைந்துவிட்டது. தலையைத் திருப்ப முடியவில்லை, பிடரியில் கத்தி. பக்கத்து மணையில் உட்கார்ந்திருந்த பெண்கள் பார்த்தார்கள், பார்த்தால் பார்க்கட்டும். "ஒங்க பக்கத்துல ஒங்க பொண்டாட்டியா நிக்கணுமின்னுதான் அம்புட்டு அலைஞ்சேன். கண்ணு வீங்கி, லீவு போட்டு, நாய்பட்ட பாடு பட்டு... ஒரு நாள், ஒரே ஒரு நாள் நீங்க பாத்தியளா?"

அவர் செருப்பையும் பையையும் கீழே வைத்துவிட்டு என் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். என் மடியில் கிடந்ததில் ஒரு கொத்தை எடுத்து, கொட்டகைக்கு வெளியே கையை நீட்டி, வெயிலில் இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏட்டி, ரொம்ப நல்லாருக்கே" என்றார்.

அப்போது என் தலையில் பாதி போயிருந்தது.