கர்ரமோரைப் பூர்வீகமாகவும்

சேலைக்கு அயன் போட்டுக்கொண்டிருந்த சந்திரவதனா, கீழே ஹோலில் தமையன் உரத்து வாசித்தது காதில் விழுந்ததும், அயன்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் படியிறங்கினாள்.

“யாழ். கரம்பனைப் பிறப்பிடமாகவும், கனடா ஸ்காபரோவை வதிவிடமாகவும் கொண்ட திருமதி மீனாட்சி அருள்நாயகம் அவர்கள் நேற்றுக் காலமானார்.”

செத்துப்போனது மீனாட்சி அல்ல, மோரீன். சந்திரவதனாவின் தம்பி அருள்நாயகத்தின் மனைவி. பீற்றர்பரோவில் பிறந்த வெள்ளைக்காரி. கரம்பனை வாழ்நாளில் ஒரே ஒரு தடவை பார்த்தவள். அதுவும் கிணற்றடியில் வழுக்கி விழுந்து, முழங்காலில் கட்டோடு திரும்பி வந்தவள். அவளைப் போய்க் கரம்பனில் பிறக்க வைத்திருக்கிறார் மனிதர். சந்திரவதனாவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. துக்க வீடு என்று பல்லைக் கடித்தாள். பிறகுதான் கோபம் வந்தது. வந்த கோபம் அன்று முழுவதும் போகவில்லை.

தமையன் மகேஸ்வரன்தான் மூத்தவர். குடும்பத்தில் மட்டுமல்ல, ஊர்ச்சங்கத்திலும் யார் செத்தாலும் மரண அறிவித்தல் எழுதுவது அவர்தான். பிறப்பிடம், வதிவிடம், காலஞ்சென்ற தாய் தகப்பன், சகலன், சம்பந்தி என்று வரிசை பிசகாமல் போடுவதில் அவரை விட்டால் ஆளில்லை. நேற்று ஆஸ்பத்திரியில் மோரீனின் மூச்சு நின்றபோது முதலில் குலுங்கி அழுததும் அவர்தான். அதைச் சந்திரவதனா மறுக்கவில்லை. மீனாட்சி என்ற பெயரும் அவர் வைத்ததே. கலியாண அழைப்பிதழில் மோரீன் என்று போட்டால் சனம் என்ன சொல்லும் என்று யோசித்து, தானாகவே அப்படி அடிப்பித்தார். மோரீன் அன்று சிரித்துக்கொண்டு தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை மனிதர் இன்றுவரை செல்லுபடியாக வைத்திருக்கிறார்.

“அண்ணை, இவள் எப்ப கரம்பனிலை பிறந்தவள்?”

“புகுந்த ஊர்தானே பொம்பிளைக்கு ஊர். நான் அவளைப் பிறத்தியாளாப் போடேல்லை. எங்கட பிள்ளையாப் போட்டிருக்கிறன். அதிலை என்ன பிழை?”

மனமாரத்தான் சொன்னார். அதுதான் தொல்லை. வஞ்சகம் என்றால் சண்டை பிடிக்கலாம். அன்பாகச் செய்த அநியாயத்தை எங்கே பிடித்து உலுப்புவது? காலையிலேயே பிரதி எடுத்து மோர்னிங்சைட் தமிழ்க்கடைக் கண்ணாடியில் ஒட்டியும் விட்டாராம். மில்லிக்கன் பக்கம் இனிமேல்தான் போகவேண்டும், நாளைக்கு உடலைப் பார்வைக்கு வைக்கும்போது சனம் வரவேண்டுமே என்றார். இணையத்தளத்துக்கு அனுப்புவது மட்டும் பாக்கி.

மோரீனின் மகள் பிரசாந்தினி காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு சோபாவின் மூலையில் கால்களை மடக்கி உட்கார்ந்திருந்தாள். பெரியப்பா வட்ஸ்அப்பில் அனுப்பிய அறிவித்தலுக்குக் கீழே அவள் ஒரு சிவப்பு இதயம் போட்டிருந்தாள். தமிழ் பேசுவாள், வாசிக்கத் தெரியாது. அம்மாவின் படத்தைச் சுற்றிப் பூவேலை செய்திருப்பதைப் பார்த்து, நல்லதாகத்தான் எழுதியிருப்பார் என்று நினைத்திருக்கிறாள், பாவம்.

மோரீனுக்கு ஊர் இல்லாத குறையை உண்டாக்கியதே இந்தச் சனம்தான். கலியாணவீடு, சாமத்தியவீடு, எங்கே போனாலும் முதல் கேள்வி எந்த ஊர் என்பது. பீற்றர்பரோ என்பாள். உது இல்லைப் பிள்ளை, சொந்த ஊர் எது என்பார்கள். அயர்லாந்து என்று தகப்பன் சொன்ன ஒற்றைச் சொல் மட்டும்தான் அவள் கையில் இருந்தது. அயர்லாந்திலே எவடம் என்று அடுத்த கேள்வி வரும். கடைசியில் ரோசம் வந்து தேடப் புறப்பட்டாள். அவளுக்குக் கண்பார்வை மட்டு, கார் ஓட்டமாட்டாள். கூட்டிக்கொண்டு திரிந்தது சந்திரவதனா. மாதாகோயில் பதிவுகள், கப்பல் பயணிகளின் விபரங்கள், சேமக்காலைகளில் புல் மூடிய கல்லறைகள் என்று இரண்டு பேரும் வருடக்கணக்காக அலைந்தார்கள். மச்சாள்மார் இருவருக்கும் விசர் என்று வீட்டில் பகிடி பண்ணினார்கள்.

விசர்தான். ஆனால் ஆளைக் கண்டுபிடித்தார்கள். பிரிஜிட், மோரீனின் பூட்டி, பாட்டனைப் பெற்றவள். 1847இல் உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குத் தப்பிக் கப்பலேறிய குடும்பம். ரொறன்ரோ ஏரிக்கரைக் காய்ச்சல் கொட்டகையில் தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போய்ச் சேர, எட்டு வயதுப் பிள்ளையைப் பீற்றர்பரோப் பக்கத்தில் வயல் செய்த கமக்காரக் குடும்பமொன்று எடுத்து வளர்த்தது. நல்ல சனம். வயிறாரச் சோறு போட்டார்கள், பள்ளிக்கூடம் அனுப்பினார்கள். கூடவே ஆன் என்று பெயரை மாற்றி, தங்கள் குடும்பப் பெயரையும் கொடுத்து, கனடாவில் பிறந்தவள் என்று பதிந்தும் விட்டார்கள். அமெரிக்காவில் அவளுடைய தமையன் உயிரோடு இருந்தான். மேயோ மாவட்டம் கர்ரமோரைச் சேர்ந்த என் தங்கச்சி பிரிஜிட்டைக் கண்டவர்கள் அறியத்தரவும் என்று ஆண்டுக்கணக்காகப் பத்திரிகையில் விளம்பரம் போட்டான். பிரிஜிட் என்று ஒருத்தி அங்கே இருந்தால்தானே பதில் வரும்?

சாகக் கிடந்தபோதுதான் கிழவி தன் சொந்தப் பெயரையும் ஊரையும் பாதிரியாரிடம் சொல்லியிருக்கிறாள். அவர் பதிவின் ஓரத்தில் பொடி எழுத்தில் குறித்து வைத்தார். அதைக் கண்ட அன்று திரும்பி வரும் வழியெல்லாம் மோரீன் காரில் அழுதாள். அந்தக் கமக்காரர் கெட்டவர்களாக இருந்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன், நல்லவர்களாக இருந்துவிட்டார்களே மச்சாள் என்றாள்.

சந்திரவதனா தமையனுக்கு நேரே போய் நின்றாள்.

“நாளைக்கு இவளின்ர பேரப்பிள்ளையள் தேடி வந்தால் ஆரைத் தேடுறது அண்ணை? கரம்பனிலை மீனாட்சியையோ? அந்தக் கமக்காரனும் உங்களைப் போலை நல்ல மனிசன்தான்.”

மகேஸ்வரனுக்கு முகம் சிவந்தது. செத்தவீட்டில் சத்தம் போடாதே என்றார். வாயில் நுழையாத ஊரையெல்லாம் போட்டுச் சனத்தைச் சிரிக்க வைக்கச் சொல்கிறாயா என்றார். மூத்தவர் பேசினால் பேச்சு முடிந்தது என்பது அந்தக் குடும்பத்தில் இருந்துவந்த வழக்கம். அறுபத்தைந்து வயதுவரை சந்திரவதனாவும் அதற்கு அடங்கித்தான் நடந்தாள். இன்று அடங்க மனம் வரவில்லை. கதிரையில் இடிந்துபோய் இருந்த தம்பி அருள்நாயகத்தின் பக்கம் திரும்பினாள்.

“தம்பி, உன்ர மனிசியின்ர பேர் என்ன?”

நேற்றிலிருந்து எதைக் கேட்டாலும் அண்ணை பார்த்துச் செய்வார் என்றே சொல்லிக்கொண்டிருந்தவன் அவன். நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். தொண்டையைச் செருமினான்.

“மோரீன்,” என்றான். பிறகு, கேட்காமலே, “மோரீன் கலகர்.”

பிரசாந்தினி இயர்போனைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தாள். “வெயிற். உதிலை அம்மாவின்ர பேர் இல்லையா?”

சந்திரவதனா வரிவரியாக வாசித்து விளங்கப்படுத்தினாள். தாயின் தாய் தகப்பன் பெயர்கூட அதில் இல்லை என்று தெரிந்ததும், பிள்ளை போனை எடுத்து, தான் போட்ட இதயத்தை அழித்தாள். பிறகு மேல்மாடிக்குப் போய் லப்ரொப்பைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள்.

சந்திரவதனா கடதாசியில் தமிழில் எழுதி, தன் போனில் தட்டி அனுப்ப, பிள்ளை படத்தோடு சேர்த்தாள். அயர்லாந்து மேயோ கர்ரமோரைப் பூர்வீகமாகவும், கனடா பீற்றர்பரோவைப் பிறப்பிடமாகவும், ஸ்காபரோ மோர்னிங்சைட்டை வதிவிடமாகவும் கொண்ட திருமதி மோரீன் அருள்நாயகம் அவர்கள். காலஞ்சென்றவர்களான பற்றிக் கலகர், ஐலீன் தம்பதிகளின் அன்பு மகளும், காலஞ்சென்ற பிரிஜிட்டின் பூட்டப்பிள்ளையும்.

தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்த மகேஸ்வரன், பூட்டியை எல்லாம் ஒருவரும் போடுவதில்லை, வழக்கம் இல்லை என்றார். இனி இருக்கும் என்றாள் சந்திரவதனா. அவர் தன் பிரதிகளை ஜக்கெற்றுக்குள் செருகிக்கொண்டு, கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனார். அருள்நாயகம் எழுந்து வந்து அறிவித்தலை ஒரு தரம் வாசித்துவிட்டு, இதையே இணையத்தளத்துக்கு அனுப்பச் சொன்னான்.

பிரின்ரர் துப்பத் துப்பச் சந்திரவதனா எடுத்து அடுக்கினாள். அரைவாசியில் நிற்கும் சேலை வேலையைப் பிரசாந்தினியிடம் விட்டாள். சேலையில்தான் போவேன் என்று மோரீனே சொல்லி வைத்திருந்தாள். தன் சொந்தப் பெயரோடுதான் போகவேண்டும் என்று சொல்லிவைக்க அவளுக்குத் தோன்றியிருக்காது. அதைப் பறிப்பார்கள் என்று யார் நினைப்பார்கள்.

வெளியே பனியும் மழையுமாகக் கலந்து கொட்டியது. மோர்னிங்சைட் கடையில் தமையன் ஒட்டியதை உரித்து நாலாக மடித்துக் கைப்பைக்குள் போட்டாள். கிழிக்கவில்லை. மோரீனின் முகம் அதிலும் இருந்தது. தன்னுடையதை ஒட்டிவிட்டு ஸ்ரீல்ஸ் வீதியால் மில்லிக்கனுக்குக் காரை விட்டாள்.

அங்கே பிளாசாவில் மகேஸ்வரனின் கார் நின்றது. அவர் அப்போதுதான் ஒட்டி முடித்துக் கடைக் கண்ணாடியைக் கையால் நீவிக்கொண்டிருந்தார். தங்கச்சியைக் கண்டதும் கை அப்படியே நின்றது. சந்திரவதனா அவருடைய கைக்கு அருகே விரலை விட்டு அறிவித்தலை உரித்தெடுத்தாள். அவர் தடுப்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் தடுக்கவில்லை. அதே இடத்தில் தன்னுடைய தாளை வைத்து ஒட்டத் தொடங்கினாள்.

கருவேப்பிலைக் கட்டோடு கடையிலிருந்து வந்த ஒரு அம்மா, மகேஸ்வரனை அடையாளம் கண்டு நின்றார்.

“அண்ணை, ஆர் மோசம் போனது? எந்த ஊர் ஆள்?”

மகேஸ்வரன் வாயைத் திறந்தார். மூடினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சால்வை நுனியால் ஈரத்தைத் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு, கடைக் கண்ணாடியில் சந்திரவதனா பிடித்திருந்த தாளை முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினார். உதடுகள் அசைந்தன.

சந்திரவதனா ஒட்டும் ரேப்பைப் பல்லால் கடித்து அறுத்து, நாலாவது மூலையையும் ஒட்டினாள்.