சிலேட்டுப் பிடித்தவள்

புதுச்சேரியில் பேனர் இல்லாமல் ஒரு கல்யாணம் நடந்தால், அது நிஜக் கல்யாணம்தானா என்று சனங்களுக்குச் சந்தேகம் வந்துவிடும். மாப்பிள்ளையின் கூட்டாளிகள் வரிசையாகக் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, ஊரையே இவர்கள்தான் தாங்கிப் பிடித்திருப்பது போல மண்டப வாசலில் சிரிப்பார்கள். மாப்பிள்ளைக்குக் கூட்டாளிகள் உண்டு, அவன் அப்பாவுக்கும் உண்டு. பெண்ணைப் பெற்றவளுக்கும் கூட்டாளிகள் இருப்பார்களே, அவர்கள் வைத்த பேனர் எங்கே என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. கலைவாணிதான் முதலில் கேட்டாள்.

கலைவாணிக்கு நெல்லித்தோப்பில் வீடு. மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவைக் கட்டி மேய்க்கும் வேலை. ஆள் நல்ல உயரம், குரல் அதைவிட உயரம். அவளுடைய பள்ளிக்கூடத் தோழி சின்னப்பொண்ணு, குருசுக்குப்பத்துக்காரி, நெல்லித்தோப்பு மார்க்கெட்டில் மீன் விற்கிறாள். இந்த இருவரோடு மாலா, ராஜாம்பாள் என்று இன்னும் இரண்டு பேர். நால்வரும் பத்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சு. அதன் பிறகு கல்யாணம், குழந்தை, மாமியார், கடன், சர்க்கரை வியாதி என்று என்னென்னவோ வந்து போய்விட்டது, பெஞ்சு மட்டும் கலையவில்லை. நல்ல மீன் வந்தால் சின்னப்பொண்ணு மூன்று வீட்டுக்கும் எடுத்து வைத்துவிட்டுத்தான் கூடையைத் திறப்பாள்.

நான்கு வருடத்துக்கு முன் அவள் புருஷன் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தான். அன்றிலிருந்து நல்ல காரியம் எதிலும் அவள் முன்னால் வந்து நிற்பதில்லை. கலைவாணியின் மகன் கல்யாணத்துக்கு வந்தாள், வரவில்லை என்று சொல்ல முடியாது. கடைசிப் பந்தியில் சாப்பிட்டாள், பின்வாசல் வழியாகப் போனாள். ஆல்பம் வந்ததும் கலைவாணி பக்கம் பக்கமாகத் தேடினாள். யார் யாரோ பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார்கள், சின்னப்பொண்ணுவின் முந்தானை நுனிகூட இல்லை. அவளை யாரும் விலக்கவில்லை, அவளாகவே விலகிக்கொண்டாள். கலைவாணிக்குக் கோபமே அதில்தான். வேறு யாராவது விலக்கியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

இப்போது சின்னப்பொண்ணுவின் ஒரே மகள் சுவேதாவுக்கே கல்யாணம். மாப்பிள்ளை எழிலரசன், நல்ல பையன். சின்னப்பொண்ணு மீனுக்குச் செதில் சீவிக்கொண்டே ஏற்பாட்டைச் சொன்னாள். அவள் புருஷனின் அண்ணன் ராமதாசும் அவர் மனைவியும் மணையில் உட்கார்ந்து பெண்ணைத் தாரை வார்ப்பார்கள், சின்னப்பொண்ணு பந்தியைப் பார்த்துக்கொள்ளப் போகிறாள், மேடைப் பக்கம் வரமாட்டாள். இதைச் சொல்லும்போது அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கலைவாணி கத்திப் பார்த்தாள், மாலா கெஞ்சிப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

அன்று சாயங்காலம் சுவேதாவே போன் செய்தாள்.

“தாலி கட்டும்போது அம்மா என் பக்கத்துல நின்னா போதும் பெரியம்மா. எனக்கு வேற எதுவும் வேணாம்.”

அதைக் கேட்ட பிறகு கலைவாணிக்குச் சோறு இறங்கவில்லை. பீரோவைத் திறந்து, பட்டுப் புடவைகளுக்கு அடியிலிருந்து பத்தாம் வகுப்பு போட்டோவை எடுத்தாள். மாலாவின் போட்டோவைக் கரையான் தின்றுவிட்டது. ராஜாம்பாள் வீடு மாறியதில் தொலைத்தாள். சின்னப்பொண்ணுவுடையது ஒரு மழையில் வீட்டுக்குள் புகுந்த தண்ணீரோடு போனது. மிஞ்சியது இது ஒன்றுதான்.

நடுவில் நாற்காலியில் பிரெஞ்சு டீச்சர், அவருக்குப் பள்ளிக்கூடம் முழுக்க ‘மதாம்’ என்றுதான் பெயர். பின்னால் உயர வரிசையில் பெண்கள். கடைசி வரிசையில் கலைவாணி, போட்டோகிராபர் எந்தக் கோபத்தில் எடுத்தாரோ, அவளுக்கு நெற்றிக்கு மேலே தலையே இல்லை. மதாமின் காலடியில், எல்லோருக்கும் முன்னால், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பவள் சின்னப்பொண்ணு. வகுப்பிலேயே குள்ளம் என்பதால் ‘பத்தாம் வகுப்பு ஆ பிரிவு’ என்று எழுதிய சிலேட்டை அவள் கையில் கொடுத்துவிட்டார்கள். அந்த வருடப் பொங்கலுக்கு எடுத்த புதுப் பாவாடையைச் சிலேட்டு முழுசாக மறைத்துவிட்டது. “என் மூஞ்சிய விட சிலேட்டுதான் பெருசா விழுந்திருக்கு” என்று அன்று அழுதவள், அதன் பிறகும் போட்டோவைப் பார்க்கும்போதெல்லாம் அதையே சொல்வாள்.

எல்லோருக்கும் முன்னால் உட்கார்ந்தவளா இன்றைக்குச் சமையல்கட்டில் ஒளியப் போகிறாள்? கலைவாணி நேரே பேனர் கடைக்குப் போனாள். கடைக்காரர் அன்பழகன், வேண்டுமானால் அந்தச் சிலேட்டைக் கம்ப்யூட்டரில் அழித்துவிட்டு நாலு ரோஜாப்பூ போடலாம் என்றார். கலைவாணி பார்த்த பார்வையில் அவர் ரோஜாப்பூவை மறந்துவிட்டார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் மண்டப வாசலில், கறுப்புக் கண்ணாடிக்காரர்களுக்குப் பக்கத்தில் அந்தப் பேனர் எழுந்து நின்றது. ‘எங்கள் சின்னப்பொண்ணு இல்லத் திருமணம். வருக வருக. பத்தாம் வகுப்பு ஆ பிரிவுத் தோழிகள்.’ இரட்டைச் சடையும் சிலேட்டுமாக, சின்னப்பொண்ணு ஆள் உயரத்துக்கு இருந்தாள். மாப்பிள்ளை வீட்டுப் பையன்கள்கூடத் தங்கள் பேனரை விட்டுவிட்டு இதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்தார்கள்.

சின்னப்பொண்ணு வாழை இலைக் கட்டுகளோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். பேனரை அண்ணாந்து பார்த்தாள். தோழிகள் மூவரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அந்தச் சிலேட்டையாவது எடுத்திருக்கக் கூடாதாடி” என்றாள். இலைக் கட்டைத் தூக்கிக்கொண்டு நேராகச் சமையல்கட்டுக்குப் போய்விட்டாள். கலைவாணிக்கு மனசு விட்டுப்போயிற்று. பேனர் வைத்து யாரையாவது மேடை ஏற்ற முடியுமா, நம் புத்தி இவ்வளவுதான் என்று தன்னையே நொந்துகொண்டாள்.

மறுநாள் காலை முகூர்த்தம். ஐயர் தாலித் தட்டை எடுத்தார். மஞ்சள் பூசிய தேங்காய், அதன் மேல் தாலி, சுற்றிலும் பூ. சபையில் எல்லோரிடமும் காட்டி ஆசீர்வாதம் வாங்கி வரச் சொல்லி, பக்கத்தில் நின்ற கலைவாணியிடம் கொடுத்தார். மாலா அட்சதைக் கிண்ணமும் ராஜாம்பாள் சந்தனக் கிண்ணமுமாகப் பின்னாலேயே போனார்கள். வரிசை வரிசையாக எல்லோரும் தட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

கடைசி வரிசை முடிந்து திரும்ப வேண்டிய இடத்தில் கலைவாணி நின்றுவிட்டாள். பந்திக் கூடத்தின் கதவு ஒருக்களித்திருந்தது. அந்த இடுக்கில் சின்னப்பொண்ணு தெரிந்தாள். முன்னால் இருப்பவர்களின் தலை மறைக்க, குதிகாலைத் தூக்கி, எட்டி எட்டி மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கலைவாணி யோசித்துச் செய்தாள் என்று சொன்னால் அது பொய். கால்கள் போயின, அவள் கூடப் போனாள். தட்டோடு பந்திக் கூடத்துக்குள் நுழைந்தாள்.

“எல்லாரும் தொட்டாச்சு. நீதான் பாக்கி” என்றாள்.

சின்னப்பொண்ணு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். “எடுத்துக்கினு போடி. நேரமாவுது.”

“உன் பொண்ணுக்கு நீ ஆசீர்வாதம் பண்ண மாட்டியா?”

“இங்க நின்னு பண்ணிக்கினுதான் இருக்கேன்.” சின்னப்பொண்ணுவின் குரல் இறங்கியது. “ஊரு பேசும்னு நான் பயப்படலடி. நாளைக்கு அதுங்களுக்கு ஒண்ணுன்னா, நான் தொட்டதாலதான்னு எனக்கே தோணும். அத என்னால தாங்க முடியாது.”

நான்கு வருடமாக இவள் இதையா சுமந்துகொண்டிருந்தாள்? இது தெரியாமல் பேனர் அடிக்க ஓடினோமே என்று கலைவாணிக்கு அழுகை முட்டியது.

“உன் கையால ஆஞ்சு குடுத்த மீனத் தின்னுதான் எங்க வீட்டுப் புள்ளைங்க வளந்துது” என்றாள். “அந்தக் கையால எங்களுக்கு ஒரு நாளும் கெட்டது வந்ததில்ல. பெத்த பொண்ணுக்கு மட்டும் வந்துருமா?”

சின்னப்பொண்ணு பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். கலைவாணி குனிந்து தட்டை அவள் மடியில் வைத்தாள். வைத்த வேகத்தில் தேங்காய் அசைந்து உருளப் பார்த்தது. முதுகுக்குப் பின்னாலிருந்த கைகள் இரண்டும் பதறிக்கொண்டு முன்னால் வந்து தட்டைப் பிடித்தன. பிடித்தவள் விடவில்லை. நெஞ்சுக்கு நேராகத் தூக்கி, அணைத்துக்கொண்டாள். தாலியின் மேல் கண்ணீர் விழுந்துவிடக் கூடாதென்று முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டாள்.

தோழிகள் மூவரும் அவளுக்குப் பின்னால் போய் நின்றார்கள். ராஜாம்பாள், அடுத்து மாலா, கடைசியில் கலைவாணி. அப்படி நிற்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. தாலித் தட்டைத் துரத்திக்கொண்டே வந்த போட்டோகிராபர் வாசலில் நின்று கிளிக் செய்தார்.

அவருக்குப் பின்னாலேயே ராமதாஸ் வந்தார். பெரிய மீசை, முகூர்த்த நேரப் படபடப்பு. அவரைக் கண்டதும் சின்னப்பொண்ணு எழுந்து, தான் கேட்கவில்லை, இவள்தான் கொண்டுவந்து வைத்தாள் என்று தடுமாறினாள். கலைவாணி புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டாள். சண்டை என்றால் இன்றைக்கு ஒரு கை பார்த்துவிடுவது என்று இருந்தாள்.

ராமதாஸ் தட்டைப் பார்த்தார், அதைப் பிடித்திருந்த கைகளைப் பார்த்தார்.

“ஐயரு தட்டக் கேக்குறாரு. நீயே எடுத்துக்கினு வாம்மா” என்றார். “உன்னக் கூப்புடணும்னு எனக்கும் இருந்துது. நீ சங்கடப்படுவியோன்னு வாய மூடிக்கினு இருந்துட்டேன்.”

சின்னப்பொண்ணு நடந்தாள். சபை நடுவே, தட்டை நெஞ்சுக்கு நேராக ஏந்திக்கொண்டு, முதல் நாள் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை மாதிரி அடி பார்த்து அடி வைத்து நடந்தாள். முணுமுணுத்தவர்களும் இருந்தார்கள், எந்தக் கல்யாணத்தில்தான் இல்லை. மணையில் குனிந்திருந்த சுவேதா நிமிர்ந்தாள். அம்மா மேடைப் படியில் கால் வைப்பதைப் பார்த்ததும் அவள் அலங்காரமெல்லாம் கண்ணீரில் கரைந்தது. ஐயர் தட்டை வாங்கிக்கொண்டார். திரும்பிப் போக நினைத்த சின்னப்பொண்ணுவின் முந்தானையை மகள் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மேளம் கொட்டித் தாலி ஏறிய பிறகும் அந்தப் பிடி விடவில்லை.

ஆல்பம் வந்ததும் சுவேதா அதைக் கலைவாணி வீட்டுக்கே எடுத்து வந்தாள். ஞாயிற்றுக்கிழமை, நால்வரும் கூடியிருந்தார்கள். பந்திக் கூடத்தில் எடுத்த படம் ஒரு முழுப் பக்கத்துக்கு வந்திருந்தது. முன்னால் உட்கார்ந்தபடி சின்னப்பொண்ணு, பின்னால் மூவர். போட்டோகிராபர் அவசரத்தில் கேமராவைத் தாழ்த்திப் பிடித்ததில் கலைவாணிக்கு இதிலும் நெற்றிக்கு மேலே தலை இல்லை.

சின்னப்பொண்ணு கண்ணாடியை முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

“இதுலயும் பாரு. என் மூஞ்சிய விட தட்டுதான் பெருசா விழுந்திருக்கு” என்றாள்.

மாலா அடுத்த பக்கத்தைத் திருப்பக் கையைக் கொண்டு போனாள். சின்னப்பொண்ணு படத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, திருப்ப விடவில்லை.