ஒரு முடிச்சு

1

இந்தக் கதை ‘புட் ஆஃப்’ என்ற இங்கிலீஷ் சொல்லிலிருந்து பிறந்தது. ஐந்தாம் வகுப்போடு நான் நின்றபோது புத்தகத்தில் கடைசியாகப் படித்தது அதுதான். பொருள்: தள்ளிவைத்தல். உதாரணம்: மழையால் பந்தயம் தள்ளிவைக்கப்பட்டது. கொல்லிமலையில் எங்கள் குண்டூர் நாட்டில் மழை வந்தால் எதையும் தள்ளிவைக்க மாட்டார்கள், விதைக்கப் போய்விடுவார்கள்.

2

‘கொல்லிமலையில் மேகங்கள் தவழ்ந்த ஒரு காலை…’ (அடித்துவிட்டேன். எந்தக் காலையில்தான் தவழவில்லை?)

பாவாயி என்றொரு பெண். (நான் இல்லை. அவளுக்கு முடி நீளம்.) அவள் அப்பா செல்லமுத்துவின் சாமைக் காட்டுக்கு எல்லை அளக்க ஓர் அதிகாரி வருவதாக இருந்தது. அதுவரை விதைக்கக் கூடாதென்று உத்தரவு. மழை பெய்து மண் பதமாகி நின்றபோது, அவருக்குப் பதில் ஒரு காகிதக் கட்டு வந்தது. பாவாயி எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

“புட் ஆஃப்… வரதைத் தள்ளி வெச்சிருக்காங்களாம்ப்பா.”

“எத்தனை முடிச்சு, கண்ணு?”

(பாவாயியின் ஊரில் எதைத் தள்ளிவைத்தாலும், எத்தனை நாளோ அத்தனை முடிச்சுப் போட்டுக் கயிறு அனுப்ப வேண்டும். தினம் ஒன்றை அவிழ்ப்பார்கள். கடைசி முடிச்சு அவிழ்ந்த நாளிலும் ஆள் வராவிட்டால், அந்தப் பேச்சு முடிந்தது; அது யாரையும் கட்டாது.)

“கயிறே இல்லீங்கப்பா.”

“அத்தனை படிச்சவரு மறப்பாரா?” செல்லமுத்து கட்டைப் புரட்டினார். சுற்றிக் கட்டிய சிவப்பு நாடாவில் ஒரு முடிச்சு. “இதென்ன? ஒண்ணு! நாளைக்கே வாராரு!”

“அப்ப என் சேவலு?” என்றாள் அம்மா பொன்னம்மாள்.

“தொரைக்குத்தான்.”

3

காகிதம் சிதறாமலிருக்கப் போட்ட முடிச்சு அது என்று பாவாயி சொல்லியிருக்க வேண்டும். மூன்று முறை எழுதிப் பார்த்தேன். “அப்பா, அது வந்து…” என்று தொடங்கி நின்றுவிடுகிறாள். கூச்சம் என்று எழுதினேன். பொய். வெளியே ஈரமண் மணத்துக்கொண்டிருந்தது.

மறுநாள் அதிகாரி வரவில்லை. பொழுது சாய்ந்ததும் செல்லமுத்து நாடாவை அவிழ்த்தார். “நம்ம மேல குத்தமில்லீங்க, சாமி,” என்று மலையைப் பார்த்துச் சொன்னார். சேவல் குழம்பை நாங்களே சாப்பிட்டோம். (சாப்பிட்டார்கள்.) விடிந்ததும் ஏர் பூட்டினார்கள்.

4

சாமை இப்போது கதிர் பிடித்திருக்கிறது. அதிகாரி மலையடிவாரத்துப் புளியஞ்சோலை வரை வந்துவிட்டார் என்று சேதி.

முதல் முடிவு: பயிரை அழிக்கச் சொல்கிறார். (கிழித்துவிட்டேன்.)

இரண்டாவது: நாடாவைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகிறார். (அவர் சிரிப்பார் என்று யார் சொன்னது?)

மூன்றாவது: பாவாயி அவர் முன்னால் போய் நின்று, வாய் திறந்து, “ஏனுங்க…”

கதிர் முற்ற இன்னும் இருபது நாளாகும். அதனால் அதிகாரி மலையேற முதல் அடியை எடுத்து…

இந்த நோட்டுக்குள் ஒரு கயிறு வைத்திருக்கிறேன். இருபது முடிச்சு. தினம் ஒன்றுதான் அவிழ்க்க வேண்டும். முடிவை அதற்கப்புறம் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்; நாங்கள் அறுத்து முடித்திருப்போம்.