தாரியேலா ஊற்றிய தண்ணீர்

மரக்காய்போ நகரில் எங்கள் தெருவுக்குப் பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறைதான் குழாயில் தண்ணீர் வரும். முதல் வாளி யாருக்கு என்று எங்கள் வீட்டில் சண்டை கிடையாது. அது ஆமைக்கு. என் மகள் தாரியேலா போட்ட சட்டம். அவளுக்குப் பத்து வயது.

ஆமையின் பெயர் அரேபா. காலையில் நாங்கள் சாப்பிடும் சோள ரொட்டியின் பெயர்தான். வந்தபோது அந்த ரொட்டியைப் போலவே வட்டமாக, உள்ளங்கை அளவில் இருந்தது. கூடத்து ஜன்னலோரம் அதன் கண்ணாடித் தொட்டி. சனிக்கிழமைதோறும் தாரியேலா ஒரு ரப்பர் குழாயை வைத்து மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை வெளியே எடுப்பாள். குளோரின் வாடை போக ஒரு நாள் வாளியில் வைத்திருந்த தண்ணீரை மெதுவாக ஊற்றுவாள். நான் ஏ.சி. பழுதுபார்ப்பவன். ஒருநாள் உதவுகிறேன் பேர்வழி என்று வடிகட்டியின் ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்து பளிச்சென்று ஆக்கி வைத்தேன்.

"அப்பா! என்ன வேலை பண்ணி வச்சிருக்கே? அதுல இருந்த நல்ல கிருமியெல்லாம் செத்துப்போச்சு. தொட்டித் தண்ணியிலயே அலசணும்னு எத்தனை வாட்டி சொல்றது?"

"கிருமியில நல்லது வேற இருக்கா?"

"இருக்கு. உன்னைவிட ஒழுங்கா வேலை செய்யும்."

என் மனைவி மைகுவாலிதா அடுப்பங்கரையிலிருந்து சிரித்தாள். "நல்லா கேளுடி. ஊர் ஏ.சி.யையெல்லாம் பிரிச்சு மாட்டுறவருக்கு ஒரு ஸ்பாஞ்சு அலசத் தெரியல."

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, தண்ணீர் மாற்றி முடித்ததும், தலை வலிக்கிறது என்று தாரியேலா படுத்தாள். வியாழக்கிழமை மருத்துவமனையில் இறந்துபோனாள். டெங்கு என்றார்கள்.

அடக்கம் முடிந்த அடுத்த வாரச் சனிக்கிழமை நான் ரப்பர் குழாயை எடுத்தேன். தொட்டி முன்னால் உட்கார்ந்திருந்த மைகுவாலிதா தலையைத் திருப்பாமலே சொன்னாள்.

"தொடாதே, சீரோ."

"தண்ணி மாத்தணும்ல."

"அது அவ ஊத்தின தண்ணி."

குழாயைக் கீழே வைத்துவிட்டேன். அவளிடம் வற்புறுத்திப் பேச எனக்கு வாய் இல்லை. அதற்குக் காரணம் இருந்தது. எங்கள் முற்றத்தில் தண்ணீர் சேர்த்துவைக்கும் நீல டிரம் ஒன்று உண்டு. ஆகஸ்டிலேயே அதன் மூடி உடைந்துவிட்டது. புது மூடி போடவேண்டும், போடவேண்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் சுகாதாரத் துறைக்காரர்கள் இரண்டு பேர் வந்து தெருவிலுள்ள டிரம்களையெல்லாம் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். எங்கள் டிரம்மில் கொசுப்புழு நெளிந்தது. வேறு இரண்டு வீடுகளிலும் இருந்தது. ஏதோ மருந்தைத் தூவிவிட்டுப் போனார்கள். மைகுவாலிதா அப்போது மாத்திரை போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். டிரம்மை ஒரு தகரத்தால் மூடினேன். அவளிடம் எதுவும் சொல்லவில்லை.

நாலைந்து வாரம் போயிற்று. ஒருமுறை மின்சாரம் போய் வந்தபோது வடிகட்டி நின்றுபோனது. அதைத் திறக்கவும் அவள் விடவில்லை. தண்ணீர் பச்சையாகி, கண்ணாடியில் பாசி பிடித்தது. அரேபா தின்னாமல் விட்ட தீனி அடியில் அழுகியது. வீட்டுக்குள் நுழைந்தாலே நாற்றம். பிறகு அது தின்பதையே நிறுத்திவிட்டது. கண் இரண்டும் வீங்கி மூடிக்கொண்டன. இரண்டு தெரு தள்ளி நாய்களுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் யொலெய்தாவை அழைத்துவந்தேன்.

அவர் ஆமையைத் தூக்கி, ஓட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

"ஓடு மெத்துனு ஆயிடுச்சு. இதுலயே பேண்டு, இதையே குடிச்சுக்கிட்டுக் கிடக்குது, மைகுவாலிதா. தண்ணிய மாத்தினாத்தான் மருந்து பிடிக்கும்."

"நீங்க போங்க, டாக்டர்."

வாசலில் சொட்டுமருந்தை என் கையில் கொடுத்துவிட்டு, "ரொம்ப நாள் தாங்காதுப்பா," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மைகுவாலிதா கூடத்திலிருந்து கூப்பிட்டாள்.

"சீரோ, இங்க வா."

கண்ணாடியின் மேல் மூலையில் அவள் விரல் இருந்தது. அங்கே, தண்ணீர் மட்டத்தில், தலைகீழாகத் தொங்கிக்கொண்டு கொசுப்புழுக்கள் துள்ளின. கண் தெரிகிற ஆமையாக இருந்தால் ஒன்றையும் விடாமல் தின்றிருக்கும்.

அவள் அழவில்லை. அரேபாவை ஒரு பேசினுக்கு மாற்றினாள். வாளியை எடுத்து நேராகத் தொட்டிக்குள் விட்டு மொண்டாள். பச்சைத் தண்ணீர் அவள் உடையெல்லாம் வழிந்தது. வாளி வாளியாகத் தூக்கிப்போய் முற்றத்துச் சிமெண்டுத் தரையில், வெயிலில் கொட்டினாள். நான் கூழாங்கற்களைப் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தேன். கடைசி வாளியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அதை மட்டும் எடுத்துவைப்பாள் என்று நினைத்தேன். அதையும் கொட்டினாள்.

பிறகு நீல டிரம்மைப் பார்த்தாள். அதன் மேலிருந்த தகரத்தைப் பார்த்தாள்.

"நம்ம டிரம்லயும் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"எப்ப பார்த்தே?"

"அவள அடக்கம் பண்ணின மூணாம் நாள். சுகாதாரத் துறைக்காரங்க வந்தாங்க. வேற ரெண்டு வீட்லயும்..."

"மத்த வீட்ட நான் கேக்கல. மூடி எங்க?"

"ஆகஸ்ட்லயே உடைஞ்சுபோச்சு. வாங்கணும்னு நினைச்சேன்."

எந்த வீட்டுக் கொசு என் மகளைக் கடித்தது என்று யாராலும் சொல்ல முடியாது. டாக்டர்களும் அதைத்தான் சொன்னார்கள். மைகுவாலிதா என் கையிலிருந்த பிரஷ்ஷை வாங்கி மீதிக் கற்களைத் தானே தேய்த்து முடித்தாள். மூன்றாம் நாள், மலைமேல் இருக்கும் மெரிதாவுக்கு, தன் அக்கா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

"எப்ப வருவே?"

"தெரியல."

தினம் இரண்டு வேளை ஆமையின் கண்ணில் மருந்து விட்டேன். காலையில் முற்றத்தில், பாதி வெயிலும் பாதி நிழலுமாக ஒரு மணி நேரம் விட்டுவைத்தேன். தொட்டி அழுக்காகாமலிருக்க வேறு பேசினில் தீனி போட்டேன். ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசினேன். பதினோராம் நாள் இடது கண் திறந்தது. வலது கண் திறக்கவேயில்லை. ஓடு கொஞ்சம் கொஞ்சமாக இறுகியது. ஞாயிறுதோறும் மெரிதாவிலிருந்து போன் வரும். "சாப்பிட்டுச்சா?" என்பாள். சாப்பிட்டது என்பேன். வைத்துவிடுவாள்.

ஜனவரியில் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். அரேபா ஏறி வெயில் காய்வதற்கு ஆற்றங்கரையிலிருந்து ஒரு தட்டைக் கல் கொண்டுவந்திருந்தாள். கல்லைக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, தொட்டியில் இறக்கினேன். இருவரும் தரையில் உட்கார்ந்து பார்த்தோம். ஒற்றைக் கண் ஆமை அதைச் சுற்றிச் சுற்றி வந்து இரண்டுமுறை முட்டிக்கொண்டது. ஏறவில்லை.

"அன்னிக்கே ஏன் சொல்லல?" என்றாள்.

"சொன்னா நீ போயிடுவேன்னு பயம்."

"போனேனே."

"ஆமா."

"திரும்பி வந்தது இதுக்காகத்தான்." தொட்டியைக் காட்டினாள். "உனக்காக இல்ல."

"சரி."

அவள் எழுந்து, பையைத் தூக்கிக்கொண்டு தாரியேலாவின் அறைக்குள் போனாள். இன்றுவரை அங்கேதான் படுக்கிறாள்.