சொட்டு விழும் முன்

"பால்வெட்டுக்காரிக்க மவளுக்க கைக்கு எலக்ட்ரோடு வழங்காது, கேட்டியா?" என்று தேவகுமார் ஆய்வகம் முழுக்கக் கேட்கும்படி சொன்னான். ஷீஜாவின் அம்மா கீரிப்பாறை மலையில் ரப்பர் பால் வெட்டுகிறவள். ஷீஜா குனிந்து எலக்ட்ரோடைத் துடைத்தாள். வாய் திறந்தால் அவன் இன்னும் இரண்டு சொல்வான்.

தேவகுமார் அவளுக்கு மூத்த ஆய்வு மாணவன். கார்பன் எலக்ட்ரோடின் நுனியில் ஒரு நீலச் சாயத்தைப் படலமாகப் பூசி, அதனால் அஸ்கார்பிக் அமிலத்தை, அதாவது வைட்டமின் சியை, துளியளவிலும் கண்டுபிடிக்கலாம் என்று கட்டுரை வெளியிட்டிருந்தான். அமிலம் இருந்தால் கணினித் திரையில் கோடு மேடாக எழும். அமிலம் கூடினால் மேடும் உயரும்.

அதை ஷீஜாவும் செய்துகாட்ட வேண்டும் என்று வழிகாட்டி பொன்னுலிங்கம் சார் மூன்று மாதம் கொடுத்திருந்தார். முடியாவிட்டால், 2011க்குப் பிறகும் அவள் ஆய்வைத் தொடர்வதற்கான படிவத்தில் அவர் கையெழுத்து விழாது.

இருபத்தாறு எலக்ட்ரோடு செய்தாள். மேடு வந்தது. ஆனால் அமிலத்தை இரட்டித்தாலும் அது வளரவில்லை. கடைசியில், போன வாரம், அமிலமே சேர்க்காத வெறும் கரைசலில் முக்கி ஓட்டிப் பார்த்தாள். அதே மேடு. சாயமே அதை எழுப்பியது. தேவகுமார் தன் கட்டுரையில் ஒவ்வொரு அமில அளவுக்கும் சாயத்தைப் புதிதாகப் பூசியிருந்தான். பூச்சு தடித்தபோதெல்லாம் மேடு உயர்ந்திருக்கும்.

இதைச் சொன்னால் அவள் கைப்பிழை என்பார்கள். அவனுடைய எலக்ட்ரோடில் காட்ட வேண்டும். அதுவோ அவன் மேசைக்குள் பூட்டிக் கிடந்தது.

தேவகுமார் தன் தீசிஸைக் கொடுப்பதற்கு முந்தைய செமினாரில் அவனே அதை எடுத்து நீட்டினான்.

"ஷீஜாவே ஓட்டட்டும் சார். நல்ல எலக்ட்ரோடு கிட்டினா அவளுக்கும் வரும்."

இரண்டு பேர் சிரித்தார்கள். அவன் ஆய்வை மதிப்பிட வெளியூரிலிருந்து வந்திருந்த பேராசிரியை மட்டும் சிரிக்காமல் கண்ணாடியைத் துடைத்தார்.

ஷீஜா பீக்கரை மூன்று முறை கழுவினாள். கரைசல் ஊற்றினாள். எலக்ட்ரோடை முக்கினாள். தேவகுமார் பலகைப் பக்கம் திரும்பி விளக்கிக்கொண்டிருந்தபோது பொத்தானை அமுக்கினாள்.

கோடு மேடாக எழுந்தது.

"பாத்தீங்களா சார், இவ கையிலயும் வந்துட்டு!" என்றான்.

"எவ்வளவு அமிலம் சேர்த்தீங்க?" என்று பேராசிரியை கேட்டார்.

"இன்னும் சேக்கல மேடம்."

பேராசிரியை கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"சரி, இப்பச் சேருங்க."

சேர்த்தாள். இரண்டாவது கோடு முதல் கோட்டின் மேலேயே படுத்துக்கொண்டது.

பேராசிரியை எதையோ எழுதிக்கொண்டு முதலில் கிளம்பினார். தேவகுமார் வாசலை மறித்து நின்றான்.

"தெரிஞ்சுதானட்டி செய்தே? எனக்க அஞ்சு வருசம்!"

"எனக்க மூணு மாசம்," என்றாள். அறை முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டு அவனைத் தாண்டி நடந்தாள்.

பொன்னுலிங்கம் சார் அறையில் மேசைமேல் அவளுடைய படிவம் இருந்தது. அவர் பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.

"பீக்கர் சரியா கழுவல, பழைய அமிலம் அதுல கெடந்துதுன்னு எழுதித் தா. நான் அந்த மேடத்துக்கு அனுப்புதேன். இதுல ஒப்பு போடுதேன்."

படிவத்தில் கையெழுத்திடும் இடத்தைப் பேனாவால் தொட்டுக்காட்டி, வெள்ளைத் தாள் ஒன்றை அவள் பக்கம் தள்ளினார். நின்றபடியே எழுதி, தேதியிட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அவர் படித்தார்.

'பீக்கரை மூன்று முறை கழுவினேன். அமிலம் சேர்க்கும் முன்பே மேடு வந்தது.'

பேனாவை மூடிச் சட்டைப்பையில் குத்திக்கொண்டார்.

"போ. மலையில போய்ப் பால் வெட்டு."

ஷீஜா கையெழுத்து விழாத படிவத்தை எடுத்து மடிக்காமல் நோட்டுக்குள் வைத்தாள். அந்தப் பேராசிரியையின் ஊர்ப் பெயரை மனதில் சொல்லிப் பார்த்துக்கொண்டே பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள்.