நோயாளி மறுத்துவிட்டார்

வாருங்கள். வந்து இந்த எஃகு மேசையின் அருகே நில்லுங்கள். கண்ணீர் சிந்த உங்களை அழைக்கவில்லை. சாட்சி சொல்ல அழைக்கிறேன். ஒரே ஒரு கையெழுத்தால் ஒரு பெண்ணின் உயிர்வாசல் சாத்தப்பட்டது. சாத்தியவர்கள் அவளைக் கண்ணும் கருத்துமாய்க் காத்தவர்கள். பகைவன் செய்த கொடுமை என்றால் தெருவே திரண்டு வந்து சாட்சி சொல்லும். அன்புள்ளவர்கள் செய்த கொடுமைக்கு எவரும் வருவதில்லை. அதனால்தான் உங்களை அழைக்கிறேன்.

மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், சலவைக்கூடத்தை ஒட்டி, கருவி அறை இருக்கிறது. அங்கே, இந்த மேசையில்தான், இருபத்திரண்டு ஆண்டுகளாக வேலை செய்கிறாள் அவள். ஆபரேஷன் தியேட்டரில் பயன்பட்ட கத்தரிகளும் கிளாம்புகளும், விலா எலும்புகளை விலக்கிப் பிடிக்கும் கனத்த கருவியும் இரத்தக் கறையோடு அவளிடம் இறங்கி வரும். கழுவி, துடைத்து, எண்ணி, துணியில் சுற்றி, நாடா ஒட்டி, நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் ஏற்றுவாள். கிருமி நீங்கியதற்கு அடையாளமாக நாடாவின் கோடுகள் கறுத்த பிறகே கட்டு மேலே போகும். அவள் எண்ணிக்கை ஒருநாளும் பிசகியதில்லை; ஆகவே தலைமை மருத்துவர் முதல் தரை துடைப்பவர் வரை அனைவருக்கும் அவள் 'கணக்கக்கா'.

ஊழியர்களுக்கான ஆண்டுப் பரிசோதனையில், கணக்கக்காவின் வலது நுரையீரலின் மேல்புறத்தில் ஒரு சிறு நிழல் தெரிந்தது. அதே மருத்துவமனையின் நான்காவது மாடி வார்டுக்குப் பொறுப்பான செவிலி அவளுடைய தங்கை. படம் முதலில் தங்கையின் கைக்குத்தான் போயிற்று.

"பழைய கிருமி விட்டுட்டுப் போன தழும்புக்கா. ரெண்டு மூணு டெஸ்ட் எடுத்துப் பார்த்துடலாம்."

"டெஸ்ட்டுன்னா ஊசி போட்டு எடுப்பாங்களாடி?"

"ஆயிரம் பேரை அறுக்கிற சாமானெல்லாம் வேக வச்சு அனுப்புறவ, ஒரு ஊசிக்கு நடுங்குறியே!"

கணக்கக்கா சிரித்தாள். தங்கை விரல் வைத்த இடத்திலெல்லாம் கையெழுத்திட்டாள். திசு எடுத்தார்கள், மூச்சுக்குழாய் வழியே குழாய் செலுத்தி நடுநெஞ்சின் நிணநீர்க் கணுக்களைச் சோதித்தார்கள், மூளையையும் படம் பிடித்தார்கள். ஒரு தழும்புக்கு ஏன் இத்தனை என்று அவள் கேட்கவில்லை. சொன்னவள் தங்கை அல்லவா!

அது தழும்பு அல்ல. சிறு செல் வகை நுரையீரல் புற்றுநோய். அந்தப் பெயரைக் கேட்டதும் மருத்துவ உலகம் வழக்கமாகக் கத்தியைக் கீழே வைத்துவிடும். கண்டுபிடிக்கும்போதே அது பெரும்பாலும் பரவியிருக்கும். ஓரிடத்தில் வெட்டிப் பயன் இராது. மருந்தும் கதிர்வீச்சுமே வழி. ஆயினும், கட்டி சிறியதாக இருந்து, நுரையீரலுக்குள்ளேயே அடங்கி, கணுக்களும் சுத்தமாக இருந்தால், நுரையீரலில் கட்டி இருக்கும் மடலை மட்டும் வெட்டியெடுத்துவிட்டுப் பிறகு மருந்து ஏற்றலாம். நூறு பேரில் நாலைந்து பேருக்குத் திறக்கும் குறுகலான வாசல் அது. கணக்கக்காவுக்குத் திறந்திருந்தது.

நெஞ்சு அறுவை மருத்துவர் இதை அவளிடம் சொல்லவில்லை. அவளுடைய கணவரிடமும் தங்கையிடமும் சொன்னார்.

"அதிர்ஷ்டம்னுதான் சொல்லணும். ஆனா சீக்கிரம் பண்ணணும். இது காத்திருக்கிற நோய் இல்ல. அவங்ககிட்ட நானே பேசட்டுமா?"

"வேணாம் சார். நாங்க பக்குவமா சொல்லிக்கறோம்," என்றாள் தங்கை.

தலையாட்டினார் மருத்துவர். தேதி குறித்தார். சொல்லும் சுமை தன்னைவிட்டு இறங்கிய நிம்மதி அவர் முகத்தில் தெரிந்ததைத் தங்கை கவனித்தாள்.

கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். பத்தாவது மாடியில் கம்பியைப் பிடித்துத் தொங்கும்போதும் பதறாதவர். வெளியே நடைவழிக்கு வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"எப்படி சொல்றதும்மா அவகிட்ட?"

"சொல்லவே வேணாம் மாமா. நான் படிச்சப்போ முதல் பாடமே இதுதான், இந்த நோய்க்கு ஆபரேஷன் கிடையாதுன்னு. என் வார்டுலயே ஒருத்தரைத் திறந்து மூடினாங்க. மூணு மாசத்துல போயிட்டாரு."

"டாக்டர் வேற மாதிரி சொல்றாரே."

"அவரு கத்தி பிடிக்கிறவரு, அப்படித்தான் சொல்வாரு. ஆபரேஷன்னா அக்காகிட்ட மறைக்க முடியாது மாமா. ட்ரிப்ஸ் ஏத்தினா சத்து மருந்துன்னு சொல்லிச் சமாளிக்கலாம். அதுவும் பொண்ணுக்குப் பிரசவம் முடியட்டும். இப்பப் போயி இடியை இறக்க வேணாம்."

"உனக்குத் தெரியாததா. ஆபரேஷன் வேணாம்னு எங்க கையெழுத்து போடணும்?"

கேட்டீர்களா? அவர்கள் சிகிச்சையை எடைபோடவில்லை. தாங்கள் சொன்ன பொய்யைக் காக்கவே கத்தியை விலக்கினார்கள்.

பட்டியலிலிருந்து பெயரை நீக்கும் தாள் மேலே போவதற்குள், கருவிப் பட்டியல் கீழே வந்துவிட்டது. அதில் நோயாளியின் பெயர் இருக்காது. வயதும் அறுவையின் விவரமும் மட்டுமே இருக்கும். 'பெண், 51, வலது மேல் மடல் நீக்கம், காலை எட்டு மணி.'

உடன் வேலை செய்பவள் ஓயாமல் பேசுவதால் 'ரேடியோ' என்று பெயர் பெற்றவள். அவள்தான் வாசித்தாள். "உன் வயசுக்காரிக்கா. பாவம்."

"என்னடி பாவம்? எடுக்க முடியும்னுதானே எடுக்கிறாங்க. அந்தப் பெரிய கிளாம்பை இப்படிக் குடு, பல்லு சரியா பொருந்துதான்னு பார்க்கணும்."

அன்று மாலை நெஞ்சு அறுவைக்கான கருவி செட்டை இரண்டு முறை எண்ணிக் கட்டினாள். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அது நாடா கிழியாமல் திரும்பி வந்தது. மேலே ஒரு சீட்டு: 'ரத்து. நோயாளி மறுத்துவிட்டார்.'

கணக்கக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "பைத்தியக்காரி! அவனவன் நோய் பரவி முத்திப்போய் வந்து நிக்கிறான். இவளுக்குக் கையில குடுத்த உயிரை வேணாங்கறாளாமே!"

"பயந்திருப்பாக்கா."

"பயமா இருந்தா என்னைக் கூப்பிட்டிருக்கலாமே. நான் போயி ரெண்டு வார்த்தை பேசியிருப்பேனே!"

ஒன்பது வாரங்கள் ஓடின; தங்கை சொன்னபடி தழும்புதான் என்றே அவள் நம்பியிருந்தாள். மகள் நலமாகப் பெற்றெடுத்தாள். ஒன்பதாவது வாரத்தில் கணக்கக்காவின் குரல் கம்மிப் போயிற்று; இருமினால் நெஞ்சு பிடித்துக்கொண்டது. தங்கை விடுப்பில் இருந்தாள். யாரையும் கேட்காமல் கணக்கக்காவே மாடியேறி நெஞ்சு அறுவை மருத்துவரின் அறைக்குப் போனாள். அவர் முகம் மாறியது. உடனே ஸ்கேன் எடுக்கச் சொன்னார். மறுநாள் அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நடுநெஞ்சுல ரெண்டு பக்கமும் கணு வீங்கியிருக்கு. இனிமே ஆபரேஷனால பிரயோஜனம் இல்ல. மருந்தும் கதிர்வீச்சும் சேர்த்து உடனே ஆரம்பிக்கணும். நீங்க அப்பவே ஒத்துக்கிட்டிருக்கலாம்."

"எதுக்கு சார் ஒத்துக்கணும்?"

"ஆபரேஷனுக்கு. நீங்கதானே வேணாம்னு சொன்னீங்க?"

கோப்பைத் திருப்பி அவள் பக்கம் நகர்த்தினார். 'நோயாளி மறுத்துவிட்டார்.' கீழே கணவரின் கையெழுத்து. சாட்சியாகத் தங்கையின் கையெழுத்து. அதற்கு மேலே அறுவைக்குக் குறித்திருந்த தேதி. அந்தத் தேதியை அவள் அறிவாள். அன்றைக்குத் திரும்பிவந்த கட்டை அவிழ்த்து, ஒவ்வொன்றாக எண்ணி, அலமாரியில் அடுக்கியவள் அவள்தான். தன் வாயாலேயே பைத்தியக்காரி என்று திட்டியது யாரையென்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடி அவளுக்கு விளங்கியது.

"என் ரூமுக்கும் உங்க தியேட்டருக்கும் எத்தனை படி தெரியுமா சார்? முப்பத்தாறு. இருபத்திரண்டு வருஷமா உங்க கைக்கு நான் சாமான் அனுப்பினேன். ஒரு வாட்டி இறங்கி வந்து என்னைக் கேட்டிருக்கக் கூடாதா?"

"வீட்டுக்காரங்க சொன்னாங்க... சிஸ்டரும் நம்ம ஸ்டாஃப்தானே..."

அவர் கோப்பை மூடினார்.

மாலையில் வீட்டுக் கூடத்தில் மூவரும் எதிரெதிரே நின்றார்கள். தங்கைதான் முதலில் அழுதாள்.

"உன்னைக் காப்பாத்தத்தான்க்கா..."

"எதுலேர்ந்துடி காப்பாத்தின?"

"உன் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லக்கா."

"உனக்குத் தைரியம் இல்லாததுக்கு நான் என் நுரையீரலைக் குடுக்கணுமா?"

அவள் கணவர் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, லிஃப்ட்டுல ஆள் மாட்டிக்கிட்டா நீங்க முதல்ல என்ன பண்ணுவீங்க?"

"வெளியிலேர்ந்து குரல் குடுப்பேன். பயப்படாதீங்க, திறக்கிறேன்னு..."

"முன்பின் தெரியாதவனுக்கு அது. கட்டினவளுக்கு ஒரு குரல் குடுக்கத் தோணலையா?"

"தப்பு பண்ணிட்டேன்," என்றார் அவர்.

"ஆபரேஷன் பண்ணியிருந்தா பிழைச்சிருப்பேனான்னு எனக்குத் தெரியாது. ஒருவேளை நானே வேணாம்னுகூட சொல்லியிருப்பேன். ஆனா நான் சொல்லியிருக்கணும். அப்போ என் வாய் நல்லாத்தானே இருந்துச்சு."

அதற்குள் இருமல் வந்து அவள் பேச்சை அறுத்தது. தங்கை முதுகைத் தடவ வந்தாள். அவள் அந்தக் கையை விலக்கினாள்.

சிகிச்சை தொடங்கியது. முதல் சுற்று மருந்து ஏறிய இரண்டு வாரத்தில், தலையில் துணியைக் கட்டிக்கொண்டு மருத்துவமனைக் கண்காணிப்பாளரின் அறைக்குப் போனாள் கணக்கக்கா.

"ஃபைல்ல ஏறின வரியை மாத்த முடியாதும்மா. விதி அப்படி," என்றார் அவர்.

"மாத்த வேணாம் சார். அதுக்குக் கீழ நான் ஒரு வரி எழுதிக்கறேன்."

ஒரு வெள்ளைத்தாளில் எழுதினாள்: 'நான் மறுக்கவில்லை. என்னிடம் யாரும் கேட்கவில்லை.' கையெழுத்திட்டாள், இந்த முறை எவரும் விரல் வைத்துக் காட்டவில்லை. கண்காணிப்பாளர் அந்தத் தாளைப் படித்தார், மடித்தார், மேசைமேலிருந்த கண்ணாடிப் பேப்பர்வெயிட்டின் அடியில் வைத்தார். குழு கூடி முடிவு செய்ய வேண்டுமாம். மூன்று வாரம் ஆயிற்று. குழு கூடவில்லை. அவளுக்கு இரண்டாம் சுற்றும் முடிந்துவிட்டது. அவளிடம் நாட்கள் குறைவு, குழுவுக்கு அவசரமில்லை.

படித்துவிட்டு உச்சுக் கொட்டி நகராதீர்கள். அந்த ஒற்றை வரி கோப்பில் ஏறும்வரை, 'நோயாளி மறுத்துவிட்டார்' என்ற பொய்யே அவளுடைய வரலாறாக நிற்கும். நாளை வேறொருத்தியின் கோப்பிலும் வேறொரு கையெழுத்தோடு அதே பொய் ஏறும். நாளை உங்கள் முன்னேயும் ஒரு படிவம் நீளும். நோயாளியின் சார்பில் கையெழுத்துப் போடுங்கள் என்பார்கள். பேனாவைத் தொடாதீர்கள். அந்த மருத்துவரைக் கையோடு கட்டிலுக்கு அழைத்துச் செல்லுங்கள். யாருடைய நெஞ்சோ அவரிடமே கேட்கச் சொல்லுங்கள். அவர் வாயால் பதில் வரும்வரை அங்கேயே நில்லுங்கள். அதற்கு முன், இன்றைக்கே, கண்காணிப்பாளரின் கதவைத் தட்டுங்கள். அவள் எழுதிய தாளைக் கோப்பில் ஏற்றுங்கள் என்று கேளுங்கள். ஏற்றாமல் திரும்பாதீர்கள்.